பட்டா ஒருவர் பெயரில், கோப்பை இன்னொருவர் வீட்டில்

1988 மே 14. வெம்பிளி மைதானத்தில் லிவர்பூலுக்கு ஒரு பெனால்டி. ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பந்தை விம்பிள்டன் கோல்கீப்பர் டேவ் பெசன்ட் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்பிளியில் நடந்த இங்கிலாந்தின் எப்.ஏ. கோப்பை இறுதியாட்டங்களில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. லாரி சான்செஸ் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோல், கோப்பையை விம்பிள்டனுக்கு வாங்கிக் கொடுத்தது. 1977 வரை கால்பந்து லீக்கில் இடமே இல்லாத அணி அது.

இந்தக் கோப்பை யாருடையது என்று அன்று கேட்டிருந்தால், கேட்டவனை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். கிளப் பிறந்தது 1889இல். 1912 முதல் ஆடியது பிளவ் லேன் மைதானத்தில். (பெயரைப் பார்த்துச் சகுனம் சொல்ல வேண்டாம், அங்கே அதற்குக் கலப்பை என்று பொருள்.) ஊர், மைதானம், அணி, ரசிகர்கள் எல்லாம் ஒரே மூட்டையாகத்தான் இருந்தன.

மூட்டை அவிழ ஆரம்பித்தது 1991இல். பழைய மைதானம் புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராமல், அணி கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம் போனது. 2002 மே 28 அன்று, கால்பந்துச் சங்கம் நியமித்த மூவர் குழு, சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருந்த மில்டன் கீன்ஸ் நகருக்கு அணி குடிபெயர அனுமதி கொடுத்தது. லீக்கில் ஓர் அணிக்கு உள்ள இடம், நிலப்பட்டாவைப் போல ஊர்விட்டு ஊர் மாறிப் போனது.

விம்பிள்டன் ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. சில வாரங்களிலேயே ஏ.எப்.சி. விம்பிள்டன் என்று ஒரு கிளப்பைத் தொடங்கி, விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்ய அழைத்தார்கள். அடிமட்ட லீக்கில் ஆடத் தொடங்கி, ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேலேறி, 2011இல் கால்பந்து லீக்குக்குள் நுழைந்தார்கள்.

மில்டன் கீன்ஸ் போன அணியோ 2003இல் திவால் நிர்வாகத்துக்குள் விழுந்தது. 2004இல் அதன் பெயர் எம்.கே. டான்ஸ் ஆனது. பழைய கோப்பைகளும் தங்களுடையவையே என்று முதலில் அவர்கள் உரிமை கொண்டாடினார்கள். ரசிகர் அமைப்புகள் விடவில்லை. 2006இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, மறு வருடம் எப்.ஏ. கோப்பையின் நகலும் மற்றப் பரிசுகளும் விம்பிள்டன் அடங்கியிருக்கும் மெர்ட்டன் நகராட்சியின் கைக்குப் போயின. எம்.கே. டான்ஸ் தன் வரலாற்றை 2004இலிருந்து எண்ண ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் நகரம் இதே மாதிரி வழக்கை இன்னும் சாமர்த்தியமாக முடித்தது. 1996இல் அதன் அமெரிக்கக் கால்பந்து அணியான பிரவுன்ஸ் பால்டிமோர் போனபோது பெயர், நிறம், சாதனைப் பட்டியல் மூன்றையும் ஊரிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. 1999இல் புது பிரவுன்ஸ் வந்து அவற்றை எடுத்துக்கொண்டது.

விம்பிள்டன் கணக்கு அவ்வளவு சுத்தமாகத் தீரவில்லை. 2004இல் பிறந்ததாகச் சொல்லும் அணி, பிறந்த அன்றே மூன்றாம் அடுக்கில் உட்கார்ந்திருந்தது. படியேறாமல் மாடிக்கு வந்த பிள்ளை! மறுபக்கம், 2002இல் தொடங்கிய கிளப் தன் வேரை 1889இல் காட்டுகிறது. காகிதப்படி இரண்டு பேச்சுமே இடிக்கும். எனக்கு இரண்டாவது பொய்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது.

இன்று ஏ.எப்.சி. விம்பிள்டன் பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நாய்ப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் ஆடுகிறது. அதற்கும் பிளவ் லேன் என்றே பெயர். ரசிகர்கள் கடன்பத்திரம் வாங்கிப் பணம் தந்தார்கள். 29 வருடம் காத்திருந்து 2020 நவம்பர் 3 அன்று திறந்தபோது, கொரோனாவால் இருக்கைகள் காலி. பழைய மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள்.

மில்டன் கீன்ஸில் வளர்ந்த பிள்ளைகளை இதில் குற்றம் சொல்ல முடியாது. 2014இல் அவர்கள் அணி மான்செஸ்டர் யுனைடெடை 4-0 என்று புரட்டியெடுத்தது. அந்த ஊரிலேயே வளர்ந்த டெலே ஆலியும் அன்று ஆடினார். அந்த வெற்றியில் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரில் இன்னும் அந்த ‘டான்ஸ்’ இருக்கிறது, விம்பிள்டனின் வால். 2017இல் இரு அணிகளும் மோதியபோது, விம்பிள்டன்காரர்கள் ஆட்டக் கையேட்டில் எதிரணியை வெறும் ‘மில்டன் கீன்ஸ்’ என்றே அச்சடித்தார்கள்.