ராணுவத்துல இருந்த வருஷம் அடுத்த வேலை பென்ஷன்ல சேருமா?

கொல்லிமலைப் பசங்களுக்கு ஓடுறதும் ஏறுறதும் புதுசு இல்லை. 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி வாழ்ற மலை அது. அதனால ராணுவ ஆள்சேர்ப்பு முகாம்னு சொன்னதும் ஓட்டத்துக்குத்தான் முதல்ல தயாராவாங்க. ஆனா, ராணுவத்தை விட்டு வந்த பிறகு? ``அங்க இருந்த வருஷத்தை அடுத்த கவர்ன்மென்ட் வேலையில சேர்த்துப்பாங்க’’ என்ற டீக்கடைப் பேச்சை நம்பி முடிவெடுக்கலாமா? செம்மேட்டில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், சேர்வதற்கு முன்பே நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு இது.

டிரெயினிங் காலம் கணக்கில் வருமா?

வழக்கமான முறையில் சேர்ந்த சிப்பாய்க்கு வரும். சேர்ந்த தேதியில் இருந்தே சர்வீஸ் ஆரம்பம். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி எடுத்த மாதங்களும் அதில் அடக்கம்.

அதிகாரி ஆகிறவர்களுக்குக் கதை வேறு. புனே அருகே கடக்வாஸ்லா அகாடமியில் 3 வருடம், பிறகு டேராடூனில் 1 வருடம். சென்னை பரங்கிமலை அகாடமி என்றால் 49 வாரம். டேராடூன், பரங்கிமலைப் பயிற்சியின்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால், இந்தப் பயிற்சிக் காலம் அதிகாரி சர்வீஸாகக் கருதப்படாது. தோளில் நட்சத்திரம் ஏறும் நாளில்தான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் இதில் ஒரு சுவாரஸ்யம். வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் படித்த 4 வருடம், அதிகாரியின் ராணுவ பென்ஷனுக்கு உதவாது. ஆனால், அவரே பிறகு மத்திய அரசின் சிவில் வேலைக்குப் போனால், அகாடமியில் வாங்கிய சம்பளத்தில் சுமார் 3 சதவிகிதத்தைக் கட்டி, அந்த 4 வருடத்தையும் சிவில் ஓய்வூதியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் எப்படி?

ராணுவ பென்ஷன் வாங்க சிப்பாய்க்கு 15 வருடம், அதிகாரிக்கு 20 வருடம் சர்வீஸ் வேண்டும். 35 வயதை ஒட்டி வெளியே வரும் சிப்பாய், தபால் துறை மாதிரி மத்திய அரசு வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பென்ஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு 1972-ம் வருட ஓய்வூதிய விதிகளின் 19-வது விதி இரண்டு வழி காட்டியது.

ஒன்று, ராணுவ பென்ஷனை அப்படியே வாங்கிக்கொண்டு, புது வேலையின் சர்வீஸைத் தனியாக எண்ணுவது. இரண்டு, ராணுவ பென்ஷனை விட்டுவிட்டு, வாங்கிய கிராஜுவிட்டி போன்றவற்றை விதிப்படி திருப்பிக் கட்டி, அந்த வருஷங்களைப் புது வேலையோடு சேர்ப்பது. ஒரே வருஷத்துக்கு இரண்டு பென்ஷன் கிடையாது. அதுதான் அடிப்படை. நிரந்தரப் பணி ஆணை வந்த 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் இருந்தால், ராணுவ பென்ஷனையே தேர்ந்தெடுத்ததாக அர்த்தம்.

எது லாபம்? முன்பு முழு பென்ஷனுக்கு 33 வருட சர்வீஸ் தேவைப்பட்டதால், வருஷத்தைச் சேர்ப்பதில் ஒரு அர்த்தம் இருந்தது. 6-வது ஊதியக் குழுவுக்குப் பிறகு 10 வருட சர்வீஸ் இருந்தாலே 50 சதவிகித பென்ஷன் என்று மாறியது. அதனால் சிவில் வேலையில் 10 வருடம் தாண்டுகிறவர், கையில் இருக்கும் ராணுவ பென்ஷனை விட வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது.

2004-க்குப் பிறகு சேர்ந்தவர்களா?

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசு சிவில் வேலையில் சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். வந்துவிட்டது. முப்படைகளுக்கு மட்டும் விலக்கு. என்.பி.எஸ்-ல் வருஷம் பேசாது, கணக்கில் போட்ட பணம்தான் பேசும். அதனால் ராணுவ பென்ஷன் ஒரு பக்கம், என்.பி.எஸ். இன்னொரு பக்கம் என்பதே பொதுவான நிலைமை.

அக்னிவீரர்கள் கவனிக்க!

இன்று சிப்பாயாகச் சேரும் வழி, 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத்தான். 4 வருட சர்வீஸ். இதற்கு பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் இல்லை. மாதச் சம்பளத்தில் 30 சதவிகிதம் சேவா நிதிக்குப் பிடிப்பார்கள். அரசும் அதே அளவு போடும். கடைசியில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய், வரி இல்லாமல் கைக்கு வரும். நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவது 25 சதவிகிதம் பேர் வரைதான். அவர்களும் அதற்கு மேல் குறைந்தது 15 வருடம் சர்வீஸ் போட வேண்டும்.

அதாவது, 21 வயசுல ஊர் திரும்பும் ஒருவருக்கு அடுத்த வேலையில் சேர்க்க வருஷம் எதுவும் மிச்சம் இருக்காது. மிச்சம் இருப்பது அந்தத் தொகைதான். அதை பைக்கில் முடிப்பதா, படிப்பிலோ மிளகு, காபித் தோட்டத்திலோ போடுவதா என்பதை முதல் வருஷத்திலேயே யோசிங்க.

இப்போ என்ன செய்யலாம்?

வீட்டில் அப்பாவோ மாமாவோ முன்னாள் படைவீரர் என்றால், டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை இரண்டையும் எடுத்து போனில் ஸ்கேன் செய்து வையுங்க. அவர் புது அரசு வேலையில் சேர்ந்தால், `இங்க எனக்கு எந்த பென்ஷன் திட்டம், விருப்பம் சொல்லக் கடைசித் தேதி என்ன?’ என்று சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்கச் சொல்லுங்க. சந்தேகம் இருந்தால் நாமக்கல்லில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போங்க. மலையை விட்டு இறங்கி ஏறும் பஸ் செலவு, பின்னால் திருப்பிக் கட்டச் சொல்லும் பணத்தைவிடக் குறைவுதான்.