குளிராத குளிர்ச்சி, சுடாத சூடு

நாளெல்லாம் நின்று வேலை செய்த பாட்டி, இரவில் குதிகாலில் வலிக் களிம்பைத் தேய்த்துக்கொண்டு, "அப்பாடா, ஜில்லென்று இருக்கிறது!" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையிலேயே கால் குளிர்ந்துவிட்டதா? ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம்.

ஆய்வுக்கூட வெப்பமானியின் குமிழில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைச் சுற்றுங்கள். வெப்பநிலை இறங்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைக் குமிழிலிருந்தும் எடுத்துக்கொள்வதே காரணம். பஞ்சை நீக்கி, வெப்பமானி பழைய நிலைக்கு வந்தபின், குமிழில் களிம்பைத் தடவுங்கள். சொல்லும்படியாக இறங்காது! வெப்பமானிக்குத் தெரியாத குளிர்ச்சி நம் தோலுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

தோலிலுள்ள நரம்பு முனைகளில் சில புரதங்கள் கதவுகளைப் போல அமைந்துள்ளன. ஒருவகைக் கதவு, வெப்பநிலை ஏறத்தாழ 26° செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் திறக்கும். உடனே அயனிகள் உள்ளே பாயும். 'குளிர்' என்ற மின்செய்தி மூளைக்குச் செல்லும். களிம்பிலுள்ள மென்தால் என்னும் புதினா உப்பு, குளிர் இல்லாமலே அதே கதவைத் திறந்துவிடுகிறது. ஏறத்தாழ 43°-க்கு மேல் திறக்கும் வேறொரு கதவும் உண்டு. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் அதைத் திறக்கிறது. மிளகாய் அரைத்த கை எரிவது இதனால்தான்.

இந்தச் சூட்டுக் கதவை 1997-ல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். குளிர்க் கதவை 2002-ல் அவரும் ஆர்டம் பட்டாபூட்டியனும் தனித்தனியே கண்டனர். 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் கிடைத்தது.

சரி, வலி எப்படிக் குறைகிறது? இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்தால் வலி சற்று அடங்குகிறதல்லவா? அதுபோலக் குளிர்ச்சி உணர்வும் வலிச் செய்தியை மங்கச் செய்கிறது. காப்சைசினின் வழி வேறு. அது சூட்டுக் கதவை விடாமல் திறப்பதால் நரம்பு முனைகளே செயல் குன்றிப்போகின்றன. நீரிழிவால் வரும் பாத நரம்பு வலிக்கு, 8 சதவீதக் காப்சைசின் கொண்ட பட்டையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020-ல் அனுமதித்தது. அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் ஒட்ட வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இவ்விரண்டும் மாற்றுவது நரம்பின் செய்தியைத்தான். வலியின் காரணம் அப்படியே இருக்கலாம். களிம்பு பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோகக்கூடும். புண்ணின்மேல் பூசவே கூடாது. வாரக்கணக்கில் நீடிக்கும் வலியை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீரிழிவு உள்ள சிலருக்குப் பாதம் மரத்துப்போய், முள் குத்தினாலும் தெரிவதில்லை. ஆகவே பாட்டிக்குக் களிம்பு தேய்த்துவிடும் முன், விளக்கு வெளிச்சத்தில் அவர் பாதத்தை ஒருமுறை பாருங்கள். வெடிப்போ கொப்புளமோ இருக்கிறதா? அவர் நரம்பு சொல்லாத செய்தியை உங்கள் கண் சொல்லக்கூடும்.