ஆள் இல்லாத பாலைவனத்தில் கார் பயணம்!

சிங்கம் உலவும் காட்டுக்கும் தாங்களே ஓட்டிச் செல்கிறார்கள்

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல். நடுவே ஒரு சரளைக்கல் சாலை. அதில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரே ஒரு கார் போகிறது.

ஒரு மணி நேரம் ஓட்டினாலும் எதிரே இன்னொரு வண்டி வருவது அபூர்வம். வழி கேட்க ஆள் கிடையாது. தாகம் எடுத்தால் தண்ணீர் வாங்கக் கடை கிடையாது.

இப்படிப்பட்ட இடத்துக்குக் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பத்தோடு போகிறார்கள். வாடகைக்கு எடுத்த வண்டியைத் தாங்களே ஓட்டுகிறார்கள். டிரைவரும் இல்லை, வழிகாட்டியும் இல்லை!

அந்த நாட்டின் பெயர், நமீபியா.

நாடு பெரிது, மக்கள் குறைவு

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது நமீபியா. முதலில் அதை ஜெர்மனி ஆண்டது. 1915-ம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவின் கைக்கு மாறியது. 1990-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி சுதந்திரம் பெற்றது.

நாட்டின் பரப்பு சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். மக்கள் தொகையோ சுமார் 30 லட்சம்தான். ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 4 பேர் கூட இல்லை!

காரணம், பாலைவனம். கடற்கரை நெடுகிலும் 'நமீப்' பாலைவனம் பரந்து கிடக்கிறது. உலகிலேயே மிகப் பழைய பாலைவனம் இதுதான் என்கிறார்கள். நாட்டுக்குப் பெயர் வந்ததும் இதனால்தான்.

புறப்படும் முன்

பயணம் தலைநகரான விண்டூக்கில் தொடங்குகிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் போன்ற வண்டிகள் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். சில வண்டிகளின் கூரை மீதே கூடாரம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். இரவில் அதை விரித்து, ஏணி வைத்து ஏறிப் படுத்துக் கொள்ளலாம்.

விஷயம் தெரிந்தவர்கள் ஒரு மாற்று டயரோடு திருப்தி அடைவதில்லை. இரண்டு கேட்டு வாங்குகிறார்கள். காற்று அடிக்கும் பம்பு, மணல் வாரும் மண்வெட்டி, இவையும் வேண்டும்.

தண்ணீர்தான் முக்கியம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று கணக்குப் போட்டு ஏற்றுகிறார்கள். அதற்கு மேலும் கொஞ்சம் தனியாக வைத்துக் கொள்கிறார்கள். வண்டி நின்றுவிட்டால், உதவி வரும் வரை உயிரைக் காப்பது அந்தத் தண்ணீர்தான்.

"பெட்ரோல் கிடைக்கும் இடத்தில் நிரப்பு. பாதி டாங்கி இருந்தாலும் நிரப்பு!" இது அங்குள்ள வழக்கம். அடுத்த பங்க் 200 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கலாம்.

பாலைவனத்தின் நடுவே 'சாலிடேர்' என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கடை, சில கட்டிடங்கள், அவ்வளவுதான் ஊர்! வாசலில் பழைய கார்கள் மணலில் புதைந்து துருப்பிடித்து நிற்கின்றன.

உருட்டிவிடும் சாலை

அங்கே சிங்கத்தை விடச் சரளைக்கல் சாலைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்!

நமீபியாவின் பெரும்பாலான சாலைகளில் தார் கிடையாது. பார்வைக்கு அகலமாகவும் நேராகவும் இருக்கும். வேகமாக ஓட்ட ஆசை வரும். ஆனால் சரளை மீது டயருக்குப் பிடிப்பு இல்லை. வேகத்தில் சட்டென்று பிரேக் போட்டாலோ, ஸ்டியரிங்கை ஒடித்தாலோ வண்டி சறுக்கிக் குப்புற உருண்டுவிடும்.

ஆகவே, அனுபவசாலிகள் 80 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை.

இன்னொரு கட்டுப்பாடு: பொழுது சாய்ந்ததும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். 'குடு' என்ற பெரிய மான் இருட்டில் திடீரென்று சாலையில் பாயும். வண்டி மோதினால் மானும் பிழைக்காது. வண்டியில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. இரவில் ஓட்டக் கூடாது என்று வாடகைக்குக் கொடுப்பவர்களே பலர் நிபந்தனை போடுகிறார்கள்.

மணல் மலையும் செத்த மரங்களும்

சோசஸ்வ்ளை என்ற இடத்தில் மணல் மலைபோல் குவிந்து நிற்கிறது. காலை வெயிலில் அதன் நிறம் செம்பு போல் ஜொலிக்கும். மிக உயரமான குன்றுகள் 300 மீட்டருக்கும் மேல்!

செஸ்ரியம் என்ற வாசலில் இருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தார்ச்சாலை. கடைசி 5 கிலோ மீட்டர் வெறும் மணல். அங்கே டயரில் காற்றைக் குறைத்துக் கொள்கிறார்கள். டயர் அகன்று, மணலில் புதையாமல் ஓடும். திரும்பியதும் மறுபடி காற்று அடித்துக் கொள்ள வேண்டும்.

பக்கத்தில் 'டெட்வ்ளை' என்ற வறண்ட ஏரி. வெள்ளைக் களிமண் தரையில் கறுத்துப் போன மரங்கள் நிற்கின்றன. அவை செத்துப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஈரமே இல்லாததால் மக்கிப் போகாமல் அப்படியே நிற்கின்றன!

மூடுபனியைக் குடிக்கும் வண்டு

இங்கே மழை அபூர்வம். ஆனால் கடலில் இருந்து மூடுபனி வரும். ஒருவகைக் கறுப்பு வண்டு அதிகாலையில் மணல் மேட்டின் உச்சிக்கு ஏறுகிறது. தலையைத் தாழ்த்தி, உடம்பைத் தூக்கி நிற்கிறது. முதுகில் படியும் பனி, துளியாகி வாய்க்கு வழிகிறது!

'வெல்விச்சியா' என்ற செடியும் இந்தப் பாலைவனத்தின் அதிசயம். ஆயுள் முழுவதும் அதற்கு இரண்டே இலைகள். அந்த இலைகளோடு ஆயிரம் ஆண்டுக்கு மேலும் உயிர் வாழ்கிறது.

எலும்புக் கரை

வண்டுக்கு உயிர் தரும் அதே மூடுபனி, கப்பலுக்கு எமன்!

வடக்கே உள்ள கடற்கரைக்கு 'எலும்புக்கூட்டுக் கரை' என்று பெயர். பனியில் திசை தெரியாமல் கரை தட்டிய கப்பல்கள் பல. நீந்திக் கரை சேர்ந்தாலும் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

1942-ம் ஆண்டு நவம்பரில் 'டுனிடின் ஸ்டார்' என்ற பிரிட்டிஷ் கப்பல் இங்கே சேதம் அடைந்து கரை ஒதுங்கியது. கப்பலில் 106 பேர். கைக்குழந்தைகளும் இருந்தனர். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் படகில் கரை சேர்ந்தனர். அதற்குள் படகு கெட்டுப் போயிற்று.

உதவிக்கு வந்த இழுவைக் கப்பலும் கரை தட்டியது. தண்ணீர் கொண்டு வந்து இறங்கிய விமானம் மணலில் புதைந்தது! கடைசியில், விண்டூக்கில் இருந்து புறப்பட்ட லாரிகள் மணலில் புதைந்தும் எழுந்தும் வந்து சேர்ந்தன. கரையில் இருந்தவர்கள் மீண்டு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று.

106 பேரும் பிழைத்தார்கள். ஆனால், அவர்களைக் காப்பாற்ற வந்த இழுவைக் கப்பலின் ஊழியர் இருவர் மாண்டு போனார்கள்.

இன்று இந்தக் கரையின் தென்பகுதியில் அனுமதி பெற்றுக் கார் ஓட்டலாம். வாசல் கதவிலேயே மண்டை ஓட்டுப் படம் எச்சரிக்கிறது!

காட்டில் காத்திருக்க வேண்டும்

கடைசியாக, எட்டோஷா வனவிலங்குச் சரணாலயம். 1907-ம் ஆண்டில் ஏற்பட்டது. நடுவில் சுமார் 130 கிலோ மீட்டர் நீளத்துக்கு உப்புத் தரை, வெள்ளை வெளேர் என்று கிடக்கிறது.

யானை, சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் இங்கே உண்டு. சூரியன் உதித்த பிறகே வாசல் திறக்கும். மறையும் முன் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வேலி போட்ட இடம் தவிர, வேறு எங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

மிருகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மழை இல்லாத மாதங்களில் நீர் இருக்கும் குட்டைகள் சிலவே. அருகே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, பேசாமல் காத்திருந்தால் போதும். மிருகங்கள் தாமே வரும்.

ஒகாகுயோ முகாமில் குட்டை மீது இரவில் விளக்கு எரிகிறது. வேலிக்கு இப்பால் பெஞ்சில் உட்கார்ந்து, கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம்.

சில காண்டாமிருகங்களுக்குக் கொம்பு இருக்காது. கள்ள வேட்டைக்காரர்கள் கொம்புக்காகவே கொல்வதால், அரசாங்கமே மயக்க மருந்து கொடுத்துக் கொம்பை அறுத்துவிடுகிறது. 1989-ம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு இது. நகத்தைப் போலக் கொம்பு மறுபடி வளரும். போன உயிர் வருமா?

கிராமத்தாரே காவல்

1996-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, கிராம மக்கள் சங்கமாகச் சேர்ந்து தங்கள் பகுதி மிருகங்களைப் பாதுகாக்கலாம். பயணிகளால் வரும் வருமானத்தையும் பெறலாம். யானை பயிரை அழித்தால் நஷ்டம் அவர்களுக்குத்தானே? அதனால், லாபத்திலும் பங்கு கொடுத்தார்கள்.

இந்தியாவுக்கும் நமீபியாவுக்கும் ஒரு விலங்கு உறவு உண்டு. இந்தியாவில் சிவிங்கிப்புலி இனம் அழிந்துவிட்டதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி, நமீபியாவில் இருந்து 8 சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து, மத்தியப்பிரதேசத்தில் உள்ள குனோ காட்டில் விடப்பட்டன.

நமீபியாவில் இந்தியாவைப் போலவே சாலையின் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை போவது நல்லது. ஆனால் ஒன்று: அடுத்த ஊர் எவ்வளவு தூரம், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, சூரியன் மறைய எத்தனை நேரம் இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்துக் கொண்டுதான் தினமும் காலையில் சாவியைத் திருப்ப வேண்டும்.