ஜூ ஸ்டேஷன் பிள்ளைகள்



ஜூன் 26 போதைப் பொருள் ஒழிப்பு தினத்துக்கு நாமெல்லாம் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தோம். அட்டையில் மண்டை ஓடு, பாம்பு எல்லாம் வரைந்தோம். ஒரு அட்டையில் பெரிய மீசை வைத்த ஆள் ஒருவன் சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாய் நீட்டிக்கொண்டு நிற்பான். அதைப் பார்த்ததும்தான் இதை எழுதணும் என்று தோன்றியது. ஏன்னா, நான் தெரிந்துகொண்ட ஒரு உண்மைக் கதையில் அந்த மீசைக்காரனே வரவில்லை.

அந்தக் கதையை ஜெர்மனியில் 1981-ல் சினிமாவாக எடுத்தார்கள். படத்தின் பெயர் 'கிறிஸ்டியானே எஃப்.' டைரக்டர் உலி எடெல். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஹெராயினுக்கு அடிமையாகும் கதை. வந்த நாளிலிருந்தே இந்தப் படத்தை வைத்துச் சண்டை. பிள்ளைகளைக் காப்பாற்றும் படம் என்று ஒரு கூட்டம், பிள்ளைகளைக் கெடுக்கும் படம் என்று இன்னொரு கூட்டம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படத்தை நான் பார்க்கவில்லை. அது நம் வயசுக்கான படமும் இல்லை. காலேஜில் படிக்கும் எங்க அக்கா கொண்டுவந்த கட்டுரைகளைப் படித்தும், கதையை அவளிடம் கேட்டும், அறிவியல் விஷயத்தை டீச்சரிடம் கேட்டும்தான் எழுதுகிறேன். கதையில் சில இடங்கள் ரொம்ப மோசம். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

கதை நடந்த ஊர் மேற்கு பெர்லின். அப்போது ஜெர்மனி இரண்டு நாடாகப் பிரிந்து கிடந்தது. பெர்லின் நகரமும் இரண்டு துண்டு. 1961-ல் கட்டிய சுவர் 1989 வரைக்கும் இருந்தது. மேற்கு பெர்லினைச் சுற்றி நாலு பக்கமும் கிழக்கு ஜெர்மனிதான். நிலத்துக்கு நடுவே ஒரு தீவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் பெரிய ரயில் நிலையம் மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் இருந்ததால் அதற்கு ஜூ ஸ்டேஷன் என்றே பெயர். போதைக்கு அடிமையான பிள்ளைகள் 1970-களில் கூடி நின்ற இடம் அதுதான்.

கிறிஸ்டியானே பிறந்தது 1962-ல். கிராமத்தில் இருந்தவள். ஆறு வயசில் குடும்பத்தோடு பெர்லினுக்கு வந்தாள். க்ரோபியஸ்டாட் என்ற இடத்தில் வீடு, பதினோராவது மாடி. எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிக் கட்டடம். புல்தரையில் 'விளையாடக் கூடாது' என்று போர்டு வைத்திருப்பார்களாம். லிஃப்டில் பதினோராவது மாடிப் பொத்தான் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது. அதனால் விளையாடப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு போவார்களாம், பொத்தானை அமுக்க! எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை. கரண்டியை மறந்த பிள்ளை எப்படி வீட்டுக்குப் போகும்?

வீட்டில் அப்பாவின் அடி. பிறகு அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். அம்மா நாள் முழுக்க வேலைக்குப் போனார். பன்னிரண்டு வயசில் ஒரு இளைஞர் மன்றத்தில், ஆமாம், பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாதென்று பெரியவர்கள் நடத்திய மன்றத்தில்தான், கஞ்சாச் செடிப் பிசினைப் புகைக்கக் கற்றுக்கொண்டாள். அடுத்து 'சவுண்ட்' என்ற டிஸ்கோ. ராத்திரி வெளியே தங்குவதற்கு அவளும் அவள் சிநேகிதியும் செய்த தந்திரம் நமக்கும் புரியக்கூடியதுதான். இவள் தன் அம்மாவிடம் "அவ வீட்டில் தங்குகிறேன்" என்பாள், அவள் தன் அம்மாவிடம் "இவ வீட்டில் தங்குகிறேன்" என்பாள். இரண்டு அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

டிஸ்கோவில் டெட்லெஃப் என்ற பையனோடு பழக்கம். கொஞ்ச நாளில் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவராக ஹெராயினுக்குப் போனார்கள். டெட்லெஃபும் போனான். 1976 ஏப்ரலில் டேவிட் போவி என்ற இங்கிலாந்துப் பாடகர் பெர்லினில் கச்சேரி செய்தார். கிறிஸ்டியானேக்கு அவர் என்றால் உயிர். அந்த ராத்திரிதான் அவள் முதல் தடவை ஹெராயினை மூக்கில் உறிஞ்சினாள். அப்போது அவளுக்கு இன்னும் பதினாலு முடியவில்லை. யாரும் திணிக்கவில்லை. அவள்தான் கேட்டாள். கூட இருந்தவர்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். எல்லாரும் ஒரு பக்கம் போய்விட்டார்கள், நான் மட்டும் தனியாக நிற்கிறேனே என்ற எண்ணம்தான் அவளைத் தள்ளியது.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1976-ல் அந்தப் பாடகர் போவியே அமெரிக்காவை விட்டு மேற்கு பெர்லினுக்குக் குடிவந்தார். எதுக்குத் தெரியுமா? கொக்கெய்ன் பழக்கத்திலிருந்து தப்பிக்க! அவர் போதையை விட வந்த ஊரில், அவர் பாட்டைக் கேட்கப் போன பெண் போதையில் விழுந்தாள்.

இப்போ ஹெராயின் என்றால் என்ன என்று பார்ப்போம். குருமாவுக்கு அரைக்கும் கசகசா இருக்கிறதே, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அதுதான் அபின். (பயப்படாதீங்க, கசகசா விதையில் போதை கிடையாது. குருமாவைத் தாராளமாகச் சாப்பிடலாம்.) அபினிலிருந்து மார்ஃபின் எடுக்கிறார்கள். மார்ஃபினிலிருந்து செய்வது ஹெராயின். 1898-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இதை இருமல் மருந்தாகவே விற்றது என்றால் நம்ப முடிகிறதா?

நம் மூளையே தனக்கு வேண்டிய வலிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார் செய்துகொள்கிறது. அதன் பெயர் எண்டார்ஃபின். பூட்டுக்குச் சாவி மாதிரி அது மூளையில் சில இடங்களில் போய்ப் பொருந்தும். வலி குறையும், மனசு லேசாகும். ஹெராயின் என்பது அதே பூட்டுக்குக் கள்ளச்சாவி. அளவுக்கு மீறித் திறந்துவிடும். தினமும் ஓட்டலிலிருந்து அண்டா அண்டாவாக இட்லி வந்துகொண்டே இருந்தால் வீட்டில் மாவு ஆட்டுவார்களா? மூளையும் அப்படித்தான் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதனால் முதலில் ஒரு சிட்டிகை போதுமாக இருந்தது, பிறகு போதாது. மூக்கில் உறிஞ்சியவர்கள் ஊசிக்குப் போவார்கள். ஒரு நாள் ஹெராயின் வராவிட்டால் வீட்டில் மாவும் இல்லை, ஓட்டல் இட்லியும் இல்லை என்ற கதைதான். கடைசி டோஸ் போட்டு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். வேர்வை, நடுக்கம், மூக்கு ஒழுகல், வாந்தி, வயிற்றைப் பிசைவது, எலும்புக்குள் வலி, தூக்கமே வராதது. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம். ஏறக்குறைய ஒரு வாரத்தில் உடம்பு அடங்கும். மனசின் ஆசை அடங்க மாதக்கணக்கு, வருஷக்கணக்கு.

கொஞ்ச நாள் போனால் அவர்கள் சந்தோஷத்துக்காகப் போட்டுக்கொள்வதில்லை, இந்த வேதனை வராமல் இருப்பதற்காகவே போட்டுக்கொள்கிறார்கள். டீச்சர் இதை விளக்கியபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அதுவரைக்கும் நான், "கெட்டதுன்னு தெரியுதே, விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்று நினைத்தவள். பணம் வேண்டுமே! அந்தப் பணத்துக்காக ஜூ ஸ்டேஷனில் நின்ற பிள்ளைகள் பெரிய ஆண்களிடம் என்னென்ன கொடுமைக்கு ஆளானார்கள் என்பதைத்தான் நான் எழுதவில்லை. பணம் கொடுத்தவர்கள் எல்லாம் வயசுக்கு வந்த, வேலை வெட்டி உள்ள மனிதர்கள். இவர்களைப் பற்றி அந்தச் சண்டையில் ஏன் அதிகம் பேசவில்லை என்று எனக்குக் கோபமாக வருகிறது.

படத்தில் முக்கியமான இடம் ஒன்று. அம்மா கண்டுபிடித்த பிறகு கிறிஸ்டியானேயும் டெட்லெஃபும் ஒரு அறைக்குள் கிடந்து போதையை விட முயற்சி செய்கிறார்கள். பார்க்க முடியாத அளவுக்கு அழுகை, வாந்தி, கூச்சல். ஜெயித்தும் விடுகிறார்கள்! உடம்பு சுத்தமாகிவிட்டது. அப்புறம் என்ன செய்கிறார்கள்? "பழைய கூட்டாளிகளைச் சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று ஜூ ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான், மறுபடியும் தொடங்கிவிட்டது. இன்னொரு ஆபத்து என்னவென்றால், விட்டிருந்த நாட்களில் உடம்புக்குத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். அது தெரியாமல் பழைய அளவைப் போட்டால் மூச்சே நின்றுவிடும்.

அவளுடைய தோழி பாப்சி 1977-ல் இறந்துபோனாள். வயது பதினாலு. பெர்லினில் ஹெராயினால் இறந்தவர்களில் அதுவரைக்கும் அவள்தான் சின்னவள். தோழி செத்த செய்தியைப் படத்தில் கிறிஸ்டியானே பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். நம் வகுப்பில் பாதிப்பேருக்குப் பதினாலு வயதுதான்.

பிறகு அம்மா அவளைப் பெர்லினிலிருந்தே பிரித்து, தூரத்தில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். 1978-ல் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல அவள் கோர்ட்டுக்கு வந்தாள். 'ஸ்டெர்ன்' பத்திரிகைக்காக எழுதிய கை ஹெர்மான், ஹார்ஸ்ட் ரீக் என்ற இரண்டு பேர் அவளோடு இரண்டு மணி நேரம் பேசலாம் என்று போனார்கள். பேச்சு இரண்டு மாதம் நடந்தது. யாராவது உட்கார்ந்து கேட்க மாட்டார்களா என்று அவள் அத்தனை நாளும் காத்திருந்திருப்பாள் போல. அதுவே அந்த வருஷம் புத்தகமாக வந்தது. அவள் சின்னப் பெண் என்பதால் முழுப் பெயரைப் போடாமல் 'கிறிஸ்டியானே எஃப்.' என்று மட்டும் போட்டார்கள். புத்தகம் பல மொழிகளில் லட்சக்கணக்கில் விற்றது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

படத்தை எதிர்த்தவர்கள் சொன்னது சும்மா இல்லை. போவியின் பாட்டு, ராத்திரி வெளிச்சத்தில் பெர்லின், பிள்ளைகள் கூட்டமாகக் கைகோத்துக் கடை வீதிக்குள் ஓடுகிற காட்சி, எல்லாம் பார்க்க அழகாக இருக்குமாம். படம் வந்த பிறகு கிறிஸ்டியானே மாதிரி உடுத்திக்கொண்ட பெண்கள் உண்டு. ஜூ ஸ்டேஷனையே வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஆதரித்தவர்கள் சொன்னது, படத்தின் பின்பாதியைப் பார்த்த யாருக்கும் ஊசியைக் கண்டாலே குமட்டும் என்பது. என்னைக் கேட்டால் இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஒரே படத்தில் ஒருத்தி முதல் பாதியையும் இன்னொருத்தி இரண்டாம் பாதியையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாள்.

எனக்கு வேறு இரண்டு குறை உண்டு. ஒன்று, படம் அவளுடைய பதின்மூன்றாவது வயசில்தான் தொடங்குகிறது. அப்பாவின் அடி, 'விளையாடக் கூடாது' போர்டு, மரக்கரண்டி எல்லாம் புத்தகத்தோடு நின்றுவிட்டன. அதை விட்டுவிட்டால் அவள் ஏதோ டிஸ்கோவில் திடீரென்று கெட்டுப்போனவள் மாதிரித் தெரியும். இரண்டாவது, கிறிஸ்டியானேயாக நடித்த நாட்யா ப்ருன்க்ஹார்ஸ்ட். படம் வந்தபோது அவருக்கே வயது பதினாலுதான். பள்ளிக்கூடப் பெண். அந்தக் காட்சிகளில் எல்லாம் அவரை நடிக்க வைத்தது சரியா? பிள்ளைகளுக்கு நடந்த கொடுமையைக் காட்டுவதற்கு இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா? உண்மை போலத் தெரியணும் என்பார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஜெர்மனியில் அந்தப் படத்தைப் பதினாறு வயசு முடிந்தவர்கள்தான் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். விதிப்படி பார்த்தால் அதில் நடித்த பெண்ணே தியேட்டரில் டிக்கெட் வாங்கிப் பார்க்க முடியாது!

கிறிஸ்டியானே பிழைத்தாள். ஆனால் சினிமாவில் கடைசியில் வருகிற மாதிரி எல்லாம் முடிந்துவிடவில்லை. புகழ் வந்தது, பணம் வந்தது, போதையும் திரும்பி வந்தது. பல வருஷம் ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர்கள் தரும் மெதடோன் மருந்தில் வாழ்ந்தார். ஊசியால் கல்லீரல் நோயும் வந்துவிட்டது. இதையெல்லாம் 2013-ல் 'என் இரண்டாவது வாழ்க்கை' என்ற புத்தகத்தில் அவரே சொல்லிவிட்டார். 2021-ல் அதே கதையை எட்டுப் பகுதித் தொடராக மறுபடி எடுத்தார்கள். ரொம்பப் பளபளப்பாக இருக்கிறது என்று அதற்கும் திட்டு விழுந்தது.

பதினாறு வயசுக்குக் கீழே படம் பார்க்கக் கூடாது என்ற அதே ஜெர்மனியில், பல பள்ளிக்கூடங்களில் அந்தப் புத்தகத்தை வகுப்பிலேயே வைத்துப் படித்திருக்கிறார்கள், நம் வயதுப் பிள்ளைகளோடு. டீச்சர் பக்கத்தில் இருப்பார், சந்தேகம் கேட்கலாம், சங்கடமாக இருந்தால் புத்தகத்தை மூடி வைக்கலாம். தியேட்டர் இருட்டில் அது முடியுமா? எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன். எங்களுக்கும் ஒரு பீரியட் இதைப் பற்றிப் பேசக் கொடுங்கள். முதல் கேள்வியை இப்போதே எழுதிவிடுகிறேன். எங்களில் ஒருத்தியோ ஒருவனோ இப்படி மாட்டிக்கொண்டது தெரிந்தால் நாங்கள் யாரிடம் வந்து சொல்ல வேண்டும்? சொன்னால் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவீர்களா, இல்லை டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவீர்களா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி