பூதமாக்காத கோடு

1939 செப்டம்பர் 17 அன்று சோவியத் படை கிழக்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது. மேற்கே ஹிட்லரின் படை ஏற்கெனவே புகுந்திருந்தது. மூன்றாம் நாள் லண்டன் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' நாளேட்டில் டேவிட் லோவின் கருத்துப்படம் வந்தது. இடிபாடுகளுக்கு நடுவே ஒரு பிணம். அதன் இருபுறமும் ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைய வணக்கம் சொல்கிறார்கள். வாயில் வருவது வசவு. உடம்பில் இருப்பது சம்பந்தி மரியாதை. இருவருக்கும் கொம்பும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. போர்க்காலக் கேலிச்சித்திரத்தின் வலிமை எதிரியைப் பூதமாக்குவதில் இல்லை, ஆள் உயரத்துக்கு இறக்குவதில் இருக்கிறது. பூதமாக வரைந்தால் சர்வாதிகாரிக்கு நஷ்டமில்லை. மக்களின் பயம்தான் அவனுக்கு மூலதனம். 1906இலேயே பாரதியின் 'இந்தியா' இதழில் கருத்துப்படம் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டுக்கு, லோவின் படங்களும் சென்னை 'தி ஹிந்து' வழியாக வந்துசேர்ந்தன.

இது வெறும் பிரசாரம்தானே, கலை எங்கே என்று கேட்கலாம். பிரசாரம்தான், ஆனால் நாஜி யூலியஸ் ஸ்ட்ரைஷரின் 'டெர் ஸ்டூர்மர்' ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் யூதர் எல்லோருக்கும் ஒரே மூக்கு, ஒரே உதடு. அப்படி வரைய ஒரு மனிதரையும் உற்றுப் பார்த்திருக்க வேண்டியதில்லை. லோ பார்த்து வரைந்தவர். சின்னத்தைக் கையாளவும் இந்தக் கவனம் வேண்டும். திருச்சிக்கு வடக்கே திருவெள்ளறையில், பல்லவன் தந்திவர்மன் காலத்து மாற்பிடுகு பெருங்கிணறு ஸ்வஸ்திக வடிவில் இருக்கிறது. ஊரார் அதை நாலுமூலைக் கேணி என்பார்கள். நான்கு புறமும் படிகள் மடங்கி இறங்குவதால் ஒரு துறையில் குளிப்பவர் மறு துறையில் நிற்பவர் கண்ணில் படமாட்டார். அந்த வடிவத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1934இல் ரத்தம் சொட்டும் நான்கு கோடாலிகளைச் சேர்த்துக் கட்டியதுபோல் ஒட்டுப்படம் செய்து, நாஜிகளின் ஸ்வஸ்திகச் சின்னமாகக் காட்டினார். அந்த ஆட்சி எதனால் ஆனது என்பதை விளக்க வேறு வார்த்தையே வேண்டியிருக்கவில்லை.

ஒரு குண்டையாவது படம் தடுத்ததா என்றால், இல்லை. ஆனாலும் 1937இல் ஜெர்மனி சென்ற பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடம் நாஜிகள் லோவைப் பற்றிப் புகார் சொன்னார்கள். அவரும் திரும்பிவந்து, கொஞ்சம் அடக்கி வரையச் செய்தார். லோ சில மாதம் ஹிட்லரையும் முசோலினியையும் கலந்து 'மஸ்லர்' என்றொரு பாத்திரத்தை வரைந்தார். யாருடைய முகமும் இல்லாத அந்தப் படங்களால் யாருக்கும் சங்கடமில்லை. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லர் வசமானதும் லோ பழைய முகத்துக்கே திரும்பினார். பிரிட்டனைப் பிடித்தவுடன் கைதுசெய்ய நாஜிகள் தயாரித்த பட்டியலில், சர்ச்சிலின் பெயரோடு அவர் பெயரும் இருந்தது.