பிணைய அமைவடிவக் கோப்புகளின் மறுவாசிப்பு

பிணைய அமைவடிவக் கோப்புகளின் மறுவாசிப்பு என்பது, கணினியின் பிணைய விவரங்களைக் கொண்ட கோப்பு ஒன்று மாற்றப்படும்போது, ஏற்கனவே இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் அம்மாற்றத்தை அறிந்துகொள்ளும் முறையைக் குறிக்கும். கோப்பு மாறியவுடன் எல்லா மென்பொருள்களும் மாறிவிடுவதில்லை. பல மென்பொருள்கள் தேவைப்படும் முதல் முறை மட்டும் கோப்பைப் படித்து, விவரங்களைத் தமது நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. பின்னர் வட்டிலுள்ள கோப்பு மாறினாலும் நினைவகத்திலுள்ள படி பழையதாகவே இருக்கும்.

சிக்கலின் தன்மை

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில், திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள அண்டை நகரங்கள் ஆகும். எடுத்துக்காட்டாக, இராஜபாளையத்தில் வீட்டு இணைப்பில் பயன்படுத்திய லினக்சு மடிக்கணினியை ஒரு மாணவர் அணைக்காமல் மூடி, திருவில்லிபுத்தூரில் வேறொரு பிணையத்தில் திறக்கிறார் எனக் கொள்வோம். முதல் பிணையத்தில் பெயர் வழங்கியின் முகவரி 192.168.1.1 என்றும், இரண்டாவதில் 192.168.0.1 என்றும் இருக்கலாம். புதிய பிணையத்தில் இணைந்ததும் கணினி, பெயர் வழங்கிகளின் பட்டியலைக் கொண்ட "ரிசால்வ்.கான்ஃப்" என்னும் கோப்பைத் திருத்தி எழுதுகிறது. ஆயினும் முன்பே திறந்திருந்த மின்னஞ்சல் மென்பொருள் பழைய முகவரியையே வினவிக்கொண்டிருக்கக்கூடும். இயல்பான அமைப்பில் ஒவ்வொரு வினவலுக்கும் 5 நொடிகள் காத்திருந்து, 2 முறை முயன்ற பின்னரே அது தோல்வியை அறிவிக்கும். பயனர் இணைப்பே பழுதாகிவிட்டது என எண்ண இடமுண்டு.

வழங்கிகளில் இதன் விளைவு மேலும் கடுமையானது. பாதுகாப்புக் குறைபாடு கருதி ஒரு பெயர் வழங்கியை நிர்வாகி மாற்றிய பின்னரும், பல மாதங்களாக இயங்கிவரும் சேவை ஒன்று பழைய வழங்கியையே நம்பியிருக்கலாம். மாற்றத்தைச் சோதிக்க நிர்வாகி புதிய கட்டளை ஒன்றை இயக்கினால் அது சரியாகவே செயற்படும். ஏனெனில் அது புதிதாகத் தொடங்கிய செயல். பழைய செயல்கள் மாறிவிட்டன என்பதற்கு அது சான்றாகாது.

கோப்புகளும் அவற்றின் நடத்தையும்

லினக்சில் களப்பெயரை முகவரியாக மாற்றும் பணியைப் பெரும்பாலும் குனூ சி நிரலகம் செய்கிறது. அது வெவ்வேறு கோப்புகளை வெவ்வேறு விதமாகக் கையாள்கிறது.

* ஹோஸ்ட்ஸ் கோப்பு: ஒவ்வொரு தேடலின்போதும் திறந்து படிக்கப்படுகிறது. எனவே இதிலுள்ள மாற்றம், இடைமாற்றகச் சேவை எதுவும் இல்லாதபோது, அடுத்த தேடலிலேயே தெரியும்.
* ரிசால்வ்.கான்ஃப்: நீண்ட காலம் ஒரு செயலுக்கு ஒருமுறை மட்டுமே படிக்கப்பட்டது. 2017 ஆகத்து மாதம் வெளியான 2.26 பதிப்பு முதல், கோப்பு மாறியுள்ளதா என நிரலகமே சோதித்து மீண்டும் படிக்கிறது. இது வேண்டாதவர்கள் அதே கோப்பில் ஒரு விருப்பத் தேர்வின் மூலம் இதனை நிறுத்தலாம்.
* என்எஸ்சுவிட்ச்.கான்ஃப்: பெயர்களை எங்கெங்கு, எவ்வரிசையில் தேடுவது என வரையறுக்கும் கோப்பு. 2021 இல் வெளியான 2.33 பதிப்பு முதல் இதுவும் தானாக மறுவாசிப்புச் செய்யப்படுகிறது.

இடைமுகங்களின் முகவரிகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. அவற்றைக் கருனியே தன்னிடம் வைத்துள்ளது. கோப்பில் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது. அக்கோப்பைப் படித்துக் கருனிக்குத் தெரிவிக்கும் கருவியை மீண்டும் இயக்க வேண்டும்.

மாற்றத்தைத் தெரிவிக்கும் வழிகள்

மறுதொடக்கம்: எளிமையானது, ஆனால் நடப்பிலுள்ள இணைப்புகள் அறுபடும், சேமிக்கப்படாத பணி இழக்கப்படலாம்.

குறிகை அனுப்புதல்: யூனிக்சு மரபில் பல சேவைகள் "சிக்ஹப்" என்னும் குறிகையைப் பெற்றதும் தமது அமைவடிவக் கோப்பை மீண்டும் படிக்கின்றன. என்ஜின்எக்ஸ் வலைவழங்கி, குறிகை கிடைத்ததும் புதிய அமைப்புடன் புதிய பணிச்செயல்களைத் தொடங்குகிறது. பழையவை கையிலுள்ள வேண்டுகோள்களை முடித்த பின்னரே விலகுகின்றன.

கோப்பைக் கண்காணித்தல்: 2005 இல் வெளியான லினக்சு கருனியின் 2.6.13 பதிப்பில் "ஐநோட்டிஃபை" என்னும் வசதி சேர்க்கப்பட்டது. இதன் மூலம் கோப்பு மாறும்போது கருனியே மென்பொருளுக்கு அறிவிக்கும். பாதி எழுதிய கோப்பைப் பிறர் படித்துவிடாதிருக்க, புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர்மாற்றுவது வழக்கம். அப்போது பழைய கோப்பின் இடத்தில் வேறொரு கோப்பு வந்துவிடுவதால், கோப்பை மட்டுமன்றி அது உள்ள அடைவையும் கண்காணித்தல் நன்று.

உள் இடையாளர்: கணினிக்குள்ளேயே ஒரு சிறிய பெயர்ச்சேவையை இயக்கி, எல்லா மென்பொருள்களையும் அதனிடமே வினவச் செய்தல். வெளி வழங்கிகள் மாறினாலும் மென்பொருள்கள் அறிந்த முகவரி மாறாததால், மறுவாசிப்பின் தேவையே எழுவதில்லை.

உபுண்டுவில் இம்முறை

இந்தியாவின் மின்-நீதிமன்றத் திட்டத்தில் உபுண்டு இயங்குதளம் பயன்படுத்தப்பட்டுள்ளது. இத்திட்டம் மாவட்ட நீதிமன்றங்களையும் சார்நிலை நீதிமன்றங்களையும் உள்ளடக்கியது. விருதுநகர் மாவட்டத்தின் மாவட்ட நீதிமன்றம் அமைந்துள்ள இடம் திருவில்லிபுத்தூர் ஆகும். எனவே உபுண்டு இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு இப்பகுதியினருக்கும் தொடர்புடையது.

2012 ஏப்பிரலில் வெளியான உபுண்டு 12.04 மேசைக்கணினிப் பதிப்பு, "டிஎன்எஸ்மாஸ்க்" என்னும் உள் இடையாளரை இயல்பாகவே இயக்கியது. பிந்தைய பதிப்புகளில் "சிஸ்டம்டி-ரிசால்வ்டு" அதன் இடத்தைப் பெற்றது. இதில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பு 127.0.0.53 என்னும் உள்முகவரியை மட்டும் காட்டும். பிணையம் மாறும்போது பிணைய மேலாளர் புதிய வழங்கிகளின் விவரத்தை இடையாளருக்கு நேரடியாகத் தெரிவிக்கிறது.

வரம்புகள்

மறுவாசிப்பு, புதிய தேடல்களுக்கு மட்டுமே பயன்படும். முன்பே ஏற்பட்ட இணைப்புகள் பழைய முகவரியுடனேயே தொடரும். சில உலாவிகளும் நிரல்மொழிச் சூழல்களும் தமக்கெனத் தனி இடைமாற்றகத்தில் முகவரிகளைச் சேமிப்பதால், கோப்பு மீண்டும் படிக்கப்பட்ட பின்னரும் பழைய விடை சிறிது நேரம் கிடைக்கலாம். ஆகவே மாற்றம் முழுமையாயிற்றா என்பதை, புதிய கட்டளையைக் கொண்டு அல்லாமல், இயங்கிக்கொண்டிருக்கும் சேவையையே கொண்டு சோதிக்க வேண்டும்.