மஞ்சக் கடுதாசி கொடுத்த அண்ணனின் வீட்டை வாங்கலாமா?

"வீடு வெளியாள் கைக்குப் போயிடக் கூடாதுடா. நீயே எழுதி வாங்கிக்க." கடனில் முழுகிக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லும் வார்த்தை இது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, லேத் போட்டு, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவருக்கு பில் பணம் ஆறு மாதம் வராமல் போனால் போதும். வங்கிக் கடன், சீட்டுப் பணம், கைமாற்று, புரோநோட்டு எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்துவிடும். ஷெட்டும் மெஷினும் போன பிறகு மிஞ்சுவது சேக்காட்டில் ஒரு மனையும் அதில் கட்டிய வீடும்தான். 2024 நவம்பரில் பட்டாபிராம் டைடல் பார்க் திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்து மனைகள்மீது எல்லோருக்கும் கண். கடன் கொடுத்தவர்களுக்கும்தான்.

அப்படிப்பட்ட வீட்டைத் தம்பியோ மச்சானோ வாங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் சொந்தத்துக்குள் நடக்கிற கிரயம்தானே, வாய்ப்பேச்சில் முடித்துப் பத்திரம் போட்டால் ஆயிற்று என்று இருந்தவர்கள் வீட்டையும் இழந்து பணத்தையும் இழக்கிறார்கள். வெளியாளிடம் வாங்கும்போது வைத்துக்கொள்ளும் ஆதாரத்தைவிடக் கூடுதல் ஆதாரம் சொந்தக்காரரிடம் வாங்கும்போது தேவை. நாளை கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி, "ஊருக்கே தெரிந்த கடன் கூடப்பிறந்தவருக்குத் தெரியாதா?" என்பதாகத்தான் இருக்கும்.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்த்துவிடலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் குடியிருந்து தொழில் செய்யும் தனிநபர் மஞ்சக் கடுதாசி, அதாவது ஐ.பி. எனப்படும் நொடிப்பு மனு, கொடுத்தால், அது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி நடக்கும். சொத்தைப் பார்த்துக்கொள்பவர் அஃபிஷியல் ரிசீவர். அதே மனிதர் ஜார்ஜ் டவுனில் கடை வைத்திருந்தவர் என்றால் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றத்திலேயே மனு போடப்பட்டிருக்கலாம். அங்கே அஃபிஷியல் அசைனி. ஒரு கம்பெனி வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் என்றால், 2019 டிசம்பர் 1 முதல் அவருக்கு 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் பொருந்துகிறது. அந்த வழக்கு பொதுவாக சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் நடக்கும். ஆகவே வீடு சேக்காட்டில் இருக்கிறது என்பதற்காகத் திருவள்ளூர், பூந்தமல்லி கோர்ட்டுகளில் மட்டும் விசாரித்துவிட்டு நிம்மதியாகிவிட முடியாது.

வாங்குகிற நாள் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அண்ணன் நொடித்தவர் என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகு வீடு அவருடையதே இல்லை. அது ரிசீவர் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எழுதிக் கொடுக்கிற கிரயப் பத்திரத்தை சார்பதிவாளர் பதிவு செய்து கொடுத்தாலும் வாங்கியவருக்கு உரிமை எதுவும் வராது. இன்னும் பலருக்குத் தெரியாத ஒன்று: உத்தரவு போட்ட நாளிலிருந்து அது நடைமுறைக்கு வருவதில்லை. மனு கொடுத்த நாளுக்கே பின்னோக்கிப் போய்விடுகிறது. மனுவுக்கும் உத்தரவுக்கும் இடையிலுள்ள மாதங்களில், சில வழக்குகளில் வருடங்களில், வாங்கியவரைச் சட்டம் இரண்டு நிபந்தனைகளோடு காப்பாற்றுகிறது: அவர் நியாயமான பணம் கொடுத்திருக்க வேண்டும், மனு போட்டிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. வெளியாள் இதைச் சொன்னால் கோர்ட் நம்பக்கூடும். தம்பி சொன்னால்?

மனு போடுவதற்கு முன்பே வாங்கிவிட்டேன் என்பவர்களும் இரண்டு வருடம் பொறுத்திருக்க வேண்டும். சொத்து கைமாறிய இரண்டு வருடத்துக்குள் மனு தாக்கலாகி, அதன்பேரில் அண்ணன் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், 1920 சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி ரிசீவர் அந்தக் கைமாற்றத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நல்லெண்ணத்தோடும் உரிய விலை கொடுத்தும் வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நல்லெண்ணம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? ரிசீவருடையது என்று ரங்கூன் செட்டியார் நிறுவனம் ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில் பிரிவி கவுன்சில் 1931-லேயே சொன்னது. கொல்லம் அஃபிஷியல் ரிசீவர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போனது. வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் கையில் ஒரு வங்கிக் கணக்குத் தாள்கூட இல்லாத தம்பியிடம் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற ரிசீவர் அதிகம் பாடுபட வேண்டியிருக்காது.

பத்திரச் செலவுதான் இங்கே பெரிய கண்ணி. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. அதையே குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்று எழுதினால் 2023 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. ஐந்து லட்சம் மிச்சம் என்று பத்திரம் எழுதுபவர் சொல்வார், குடும்பமும் தலையாட்டும். தம்பி அண்ணனுக்கு 50 லட்சத்தை ரொக்கமாக, துண்டு துண்டாக, கடன்காரர்கள் முன்னிலையில் கொடுத்திருப்பார். பத்திரத்திலோ "அன்பின் காரணமாக" என்று இருக்கும். ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை என்று பத்திரமே சொல்கிறது. விலை கொடுத்து வாங்கியவருக்குச் சட்டம் தரும் விலக்கு பிறகு எப்படிக் கிடைக்கும்? அப்பா காலத்து வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் இதே ஆபத்து உண்டு. ஐந்து லட்சம் மிச்சம் பிடித்ததால் 60 லட்ச ரூபாய் வீடு போகிறது என்பதைப் பத்திரம் எழுதும் மேஜையில் யாராவது ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும்.

கிரயமே எழுதினாலும் விலையை வழிகாட்டி மதிப்புக்கு இறக்கிக் காட்டி, மீதியைக் கையில் கொடுப்பது அதே தவறின் இன்னொரு வடிவம். வீட்டு முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட முக்கியம், கையில் கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் நிரூபிப்பது கடினம்.

"நீ சும்மா பேருக்கு வாங்கி வெச்சுக்க, நான் எழுந்திரிச்சதும் திருப்பி எழுதிக் கொடு" என்று அண்ணன் கேட்டால் மனசு இளகத்தான் செய்யும். அதைச் செய்யவே கூடாது. வீடு கடன்காரர்களுக்குக் கிடைக்காமல் மறைக்கப்பட்டது என்பதற்கு அந்த ஒப்பந்தமே சாட்சியாகிவிடும். பினாமி சட்டமும் அங்கே வந்து சேரக்கூடும். கடன்காரர்களை ஏமாற்றச் சொத்தை மறைப்பதும், விலையைப் பொய்யாகக் காட்டிப் பத்திரம் எழுதுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 320 முதல் 323 வரையிலான பிரிவுகளில் குற்றம். உதவப் போன தம்பியும் வழக்கில் நிற்க நேரும். இன்னொரு விஷயம்: கடன்காரர்களைத் தவிக்கவிட எழுதிய அந்தப் பத்திரத்தையே காரணமாகக் காட்டி, மூன்று மாதத்துக்குள் கடன்காரரே அண்ணனை நொடித்தவர் என்று அறிவிக்கக் கோரி மனு போடலாம். ஐ.பி. கொடுக்கலாமா என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தம்பியின் பத்திரம் அதைத் தொடங்கி வைத்துவிடுகிறது.

பழைய பாக்கிக்கு ஈடாக வீட்டை எழுதி வாங்குவதும் உண்டு. மச்சான் நாலு வருடத்துக்கு முன் கொடுத்த 15 லட்சத்துக்கு வீட்டையே எடுத்துக்கொள்வது மாதிரி. கடன் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் மற்ற கடன்காரர்களை விட்டுவிட்டு ஒருவரை மட்டும் தூக்கிவிடுவது, 1920 சட்டத்தில் மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நடந்திருந்தால் ரத்தாகலாம். ஜாமீன் நின்றவர்களுக்கான 2016 சட்டம் இன்னும் கடுமை: வெளியாளுக்கு ஆறு மாதம் என்றால் நெருங்கிய உறவினருக்கு இரண்டு வருடம் பின்னோக்கிப் பார்க்கும்.

சரி, வாங்கியே ஆக வேண்டும் என்றால் என்ன வழி? பணம் அண்ணன் கைக்குப் போகாமல் கடன்காரர்களுக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால் வில்லங்கச் சான்றில் எம்.ஓ.டி. (மூலப் பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைத்தது) என்ற பதிவு இருக்கும். வங்கி சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டது என்றால், வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அண்ணன் விற்கவே முடியாது. நேரே வங்கிக் கிளைக்குப் போங்கள். மொத்த பாக்கி எவ்வளவு என்று கடிதம் வாங்குங்கள். விலையிலிருந்து அந்தத் தொகையை உங்கள் கணக்கிலிருந்து அந்தக் கடன் கணக்குக்கே அனுப்புங்கள். கிரயப் பத்திரத்தில் அந்த விவரத்தை எழுதுங்கள். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. எம்.ஓ.டி. ரத்து ரசீதைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள்.

விலையை நீங்களே நிர்ணயிக்காமல் வங்கி அங்கீகரித்த மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிக்கொண்டு, அதற்கு ஏறத்தாழ பொருந்தும் தொகையைப் பத்திரத்தில் காட்டுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். சொந்தக்காரருக்கும் இது உண்டு. 30 வருட வில்லங்கச் சான்று எடுப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐ.பி. மனு நிலுவையில் இருப்பது அதில் தெரியும் என்று நம்ப முடியாது, புரோநோட்டுக் கடனும் தெரியாது. இ-கோர்ட்ஸ் தளத்தில் அண்ணன் பெயரைப் போட்டுத் திருவள்ளூர், பூந்தமல்லி, அம்பத்தூர் கோர்ட்டுகளைத் தேடுங்கள். உயர் நீதிமன்றம், கடன் மீட்புத் தீர்ப்பாயம், கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் எல்லாவற்றிலும் பாருங்கள். வருமான வரி, ஜி.எஸ்.டி. பாக்கி இருந்தால் அந்தத் துறைகளும் கைமாற்றத்தை ஏற்க மறுக்கலாம். தமிழ் நாளிதழில் பொது அறிவிப்பு கொடுத்துப் பதினைந்து நாள் காத்திருங்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அண்ணி வருத்தப்படுவார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊரறியச் செய்த கிரயத்தை மறைத்துச் செய்தது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் அண்ணனோடு பேச எதுவும் இல்லை. ரிசீவரிடம் பேச வேண்டும். ரிசீவர் கோர்ட் அனுமதியோடு நடத்தும் விற்பனையில் உறவினரும் விலை கேட்கலாம். அப்படி வாங்கிய வீட்டுக்கு ரிசீவர் தரும் பத்திரமே உறுதி. கோர்ட் அண்ணனுக்கு விடுதலை உத்தரவு (டிஸ்சார்ஜ்) கொடுப்பதற்கு முன் அப்பா இறந்து ஒரு பங்கு வந்தால், அந்தப் பங்கும் ரிசீவரிடம்தான் போகும் என்பதையும் குடும்பத்தில் பலர் கவனிப்பதில்லை. விடுதலை உத்தரவுக்குப் பிறகு அவர் சம்பாதித்து வாங்கியது என்றால் மற்ற யாரிடமும் வாங்குவது போலவே அவரிடமும் வாங்கலாம், உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறதா? பதில் போடாமல் இருப்பதுதான் மிக மோசமான முடிவு. வங்கிக் கணக்கு, மதிப்பீட்டு அறிக்கை, கடனை அடைத்த ரசீது எல்லாவற்றோடும் ஆட்சேபணை மனு போடுங்கள். சார்பு நீதிமன்றத்தின் முடிவை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாளிலும், உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதற்கு 90 நாளிலும் மேல்முறையீடு செய்யலாம். வங்கி வீட்டைக் கைப்பற்றினால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு 45 நாள். கடன்காரர் வழக்கில் வீடு ஜப்தி ஆகியிருந்தால் அதே கோர்ட்டில் உரிமை கோரும் மனு. வழக்கில் தோற்றுக் கிரயம் ரத்தானாலும், கொடுத்த பணத்துக்காக மற்றக் கடன்காரர்களோடு சேர்ந்து நீங்களும் ரிசீவரிடம் கோரிக்கை வைக்கலாம். முழுதும் வராது, வருகிற பங்கை விட்டுவிட வேண்டாம்.

வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. வீடு அண்ணியின் பெயரிலோ தங்கையின் பெயரிலோ இருந்து நோட்டீஸ் வந்திருந்தால், அவரே நேரில் போய்க் கேட்கலாம்.